கலரா, ரிசர்வா?

எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்து மேசையை இந்த வருஷம் செல்வத்திடம் ஒப்படைத்துவிட்டேன். பட்டாளத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் ஹவில்தாராக இருந்து வந்தவன், நாற்பத்து நாலு வயசு, கம்ப்யூட்டரில் விரல் பறக்கும். சாவியை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அண்ணே, நீங்க பாத்த வேலையைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்று பிடித்துக்கொண்டான். நாலு பக்கத்தில் அடங்குகிற வேலையா நான் பார்த்தது? குமாஸ்தா கையில் பேனாவைக் கொடுத்துவிட்டுச் சுருக்கமாக எழுது என்றால் எப்படி? கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆமாம், நான் குமாஸ்தாதான். பட்டாளத்தில் இருபது வருஷம் குமாஸ்தா, அப்புறம் நெய்வேலிச் சுரங்கத்தின் டைம் ஆபீஸில் இருபத்தோரு வருஷம் குமாஸ்தா, அப்புறம் இந்தச் சங்கத்து மேசையில் சம்பளமில்லாத குமாஸ்தா. டவுன்ஷிப்பில் பட்டாளத்துக்காரன் என்று சொன்னால் போதும், "எத்தனை பேரைச் சுட்டீங்க சார்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஒருத்தனையும் சுடவில்லை ஐயா. ஆயிரக்கணக்கான பேரைக் காகிதத்தில் உயிரோடு வைத்திருந்தேன். அது லேசுப்பட்ட காரியம் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

சேத்தியாத்தோப்பில் பஸ் ஏறி ஆள் சேர்ப்புக்குப் போனபோது எனக்குப் பத்தொன்பது வயசு. பயிற்சியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஓடினேன், விழுந்தேன், எழுந்தேன், டைப் அடித்தேன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று மலை மேல் இருந்த எங்கள் ரெக்கார்டு ஆபீஸுக்கு அனுப்பிவிட்டார்கள். படையில் இருக்கிற ஒவ்வொருத்தனுடைய காகிதமும் வந்து சேருகிற இடம் அது.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் சுபேதார் குருப், ஹெட் கிளார்க். மலையாளி. மெலிந்த ஆள், மூக்குக் கண்ணாடி, சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. யாரையும் அவர் திட்டி நான் கேட்டதில்லை. தப்பு செய்தால் பேனாவை மூடி மேசை மேல் வைத்துவிட்டு நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான். அந்தப் பேனா மூடுகிற 'டிக்' சத்தம் கேட்டால் என்ன தப்பு என்று நானே தேட ஆரம்பித்துவிடுவேன்.

அந்த ஆபீஸில் 'லாங் ரோல்' என்று ஒரு பதிவேடு உண்டு. ஒரு ஆள் தூக்கத் திணறுகிற கனம், தோல் அட்டை. ஒருத்தன் படையில் சேர்ந்ததும் அவன் நம்பருக்கு அதில் ஒரு வரிசை திறக்கும். சேர்ந்த தேதி, ஊர், அப்பா பேர், மனைவி பேர், பதவி உயர்வு, எப்போது வீட்டுக்குப் போனான், எதனால் போனான் எல்லாம் அந்த வரிசையில் ஏறிக்கொண்டே போகும். அதைத் தொடுவதற்கு முன்னால் குழாயடியில் கை கழுவ வேண்டும். எண்ணெய்க் கையோடு போனால் பக்கத்திலேயே விட மாட்டார். ஒருத்தன் உரக்கப் படிக்க வேண்டும், இன்னொருத்தன் எழுத வேண்டும். எழுதினதும் எழுதினவன் படிக்க, படித்தவன் சரி பார்க்க வேண்டும். நம்பரை இலக்கம் இலக்கமாகத்தான் சொல்ல வேண்டும். ஒரு முறை அவசரத்தில் நான் இரண்டு இலக்கத்தைச் சேர்த்துப் 'பதினேழு' என்று சொல்லிவிட்டேன். டிக். அன்றைக்கு முழுவதும் எழுதின பக்கத்தை மறுபடியும் முதலிலிருந்து சரி பார்த்தோம்.

"எடோ ராஜவேலு, இது ஆபீசருக்காக எழுதுறதில்லை. இவன் செத்தப்புறம் இவன் பொண்டாட்டியாக்கும் இதைத் தேடி வருவா" என்றார் அன்றைக்கு. மற்ற காகிதங்களுக்கெல்லாம் ஆயுசு உண்டு. காலம் முடிந்தால் கமிட்டி போட்டு எரித்துவிடுவார்கள். லாங் ரோலை மட்டும் எரிக்கக் கூடாது. இதை அவர் எனக்குச் சொன்னது ஒரு தடவை இல்லை, நூறு தடவை. அப்படிச் சொல்லியும் நான் கோட்டை விட்டேன் பாருங்கள், அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஹவில்தாராக வெளியே வந்து நெய்வேலியில் சேர்ந்தேன். ஷிப்டுக்கு எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை பேர் ஏறினார்கள் என்பதுதான் டைம் ஆபீஸ் வேலை. அதிலும் ரிட்டயராகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடலூர் ரோட்டில் வீட்டைக் கட்டிக்கொண்டு வந்த வருஷம்தான் சங்கத்து மேசையில் உட்கார்ந்தேன். மெயின் பஜார் பக்கத்தில் ஒரு சின்ன அறை. ஒரு மேசை, நாலு நாற்காலி, ஓடுகிற போது கழுத்தை ஆட்டுகிற ஒரு மின்விசிறி.

அங்கே வருகிற எல்லோருக்கும் ஒரே வயிற்றெரிச்சல். ஒரே பதவி, ஒரே அளவு சர்வீஸ். ஆனால் முன்னால் வீட்டுக்கு வந்தவனுக்குக் குறைந்த பென்ஷன், பின்னால் வந்தவனுக்குக் கூடுதல். அகவிலைப்படி இரண்டு பேருக்கும் ஏறும். ஆனால் எந்த அடிப்படையின் மேல் ஏறுகிறதோ அந்த அடிப்படை, அவனவன் சீருடையைக் கழற்றின தேதியிலேயே நின்றுவிடும். எனக்குப் பல வருஷம் கழித்து அதே ஹவில்தாராக வந்தவன் என்னைவிட அதிகம் வாங்கினான். "முன்னால வந்தவனுக்கு மட்டும் துவரம் பருப்பைப் பழைய வெலைக்கா குடுக்கறான்?" என்று நான் கூட்டத்தில் கேட்டதற்குக் கை தட்டினார்கள். இது பிச்சை கேட்கிற விஷயம் இல்லை. டில்லியில் எங்கள் ஆட்கள் போராட்டம் என்று வெயிலில் உட்கார்ந்தபோது நாங்களும் இங்கே மெடலைக் குத்திக்கொண்டு பஜாரில் நடந்தோம். ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம் என்று உத்தரவு வந்த அன்று நான் சாக்லேட் வாங்கி பஸ் ஸ்டாண்டில் முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் கொடுத்தேன்.

உத்தரவு வந்தால் ஆயிற்றா? அதற்கப்புறம்தான் குமாஸ்தா வேலையே ஆரம்பம். புதுப் பென்ஷன் எவ்வளவு என்று பார்க்கப் பெரிய பெரிய அட்டவணைகள் வந்தன. ஆளுடைய பதவி, பிரிவு, சர்வீஸ் வருஷம் மூன்றும் தெரிந்தால்தான் அதில் விரல் வைக்க முடியும். ரொம்ப நாளைக்கு முன்னால் வந்தவர்களுக்குப் பாங்கில் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தை நிரப்புவதுதான் மூன்று வருஷம் என் பிழைப்பு.

அப்போதுதான் அஞ்சலாட்சி அக்கா வந்தார். முத்தாண்டிக்குப்பம். எழுபது வயசைத் தாண்டினவர், என்னைவிடப் பெரியவர். கணவர் நாயக் கலியபெருமாள் இறந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, குடும்ப ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே பாங்க் கடிதத்தை நீட்டினார். பாங்க் என்றால் எந்தப் பாங்க் என்று கேட்காதீர்கள், அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கடிதத்தில் இருந்தது இதுதான்: உங்கள் கணவர் ரிசர்விஸ்ட். இந்த உத்தரவு ரிசர்விஸ்டுகளுக்குப் பொருந்தாது. இதுவரை கொடுத்து வந்த ஓய்வூதியமும் சரிதானா என்று மறுபடி பார்க்கப்படும்.

இதை வெளியாருக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பட்டாளத்தில் 'கலர் சர்வீஸ்' என்றால் கொடிக்குக் கீழே சீருடையில் நின்ற காலம். 'ரிசர்வ் சர்வீஸ்' என்றால், நீ வீட்டுக்குப் போ, சண்டை வந்தால் கூப்பிடுகிறோம் என்று அனுப்பி வைத்த காலம். அந்தக் காலத்தில் கொஞ்ச வருஷம் கலர், மிச்ச வருஷம் ரிசர்வ் என்று ஒப்பந்தம் போட்டுத்தான் ஆள் எடுத்தார்கள்.

"அக்கா, உங்க வூட்டுக்காரரு ரிசர்வுன்னு யாரு சொன்னது?" என்றேன்.

"நாந்தான் சார் சொன்னேன். கையெழுத்தும் போட்டேன்."

"நீங்களா? ஏன்?"

"பாங்குல ஒரு புள்ள பாரம் ரொப்பிக்கினு இருந்துது. கலர் சர்வீஸா, ரிசர்வ் சர்வீஸான்னு கேட்டுது. கலருன்னா என்னாங்க? கல்யாணத்துல ஒடைச்சிக் குடுப்பாங்களே, அந்தக் கலரு. எம் புருசன் என்னா சோடாக் கம்பெனியிலயா இருந்தாரு? ரிசர்வுன்னா எனக்குத் தெரியும். ரயில்ல ரிசர்வு பண்ணா எடம் உறுதி. பண்ணாதவங்க நின்னுகினு வரணும். அவுரு உறுதியான வேலையிலதான் இருந்தாரு, அதான் ரிசர்வுன்னு சொன்னேன்."

அப்போதே மேசைக்கு உதவிக்கு வர ஆரம்பித்திருந்த செல்வம் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிப்போனான். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அந்த அம்மா முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். "தப்பாச் சொல்லிட்டனா சார்? அவுரு பர்மனென்ட் இல்லன்னு ஆயிப்போச்சா?" என்று கேட்டார். இந்த ஊரில் மனுஷரில் இரண்டே ஜாதிதான், பர்மனென்ட், கான்ட்ராக்ட். அந்த அம்மாவின் கணக்கில், ஒரு கையெழுத்தில் புருஷனைக் கான்ட்ராக்ட் ஆளாக்கிவிட்டார்.

கலியபெருமாள் கதையைக் கேட்டு வாங்கினேன். சீனாச் சண்டை முடிந்த கையோடு சேர்ந்தவர். ஏழு வருஷம் கலரில் இருந்து ரிசர்வுக்கு வந்திருக்கிறார். சுரங்கத்தில் மண் வெட்டப் போனார், இவரைக் கட்டிக்கொண்டார். பங்களாதேஷ் சண்டைக்குத் தந்தி வந்து திரும்பிப் போனார். போனவர் சண்டை முடிந்தும் வரவில்லை, கலரிலேயே தொடர்ந்து நாயக் ஆகித்தான் வீட்டுக்கு வந்தார். ஆக அவர் ரிசர்வில் இருந்தது ஒன்றரை வருஷம்கூட இல்லை. சரி, காகிதம் எங்கே?

அடுத்த நாள் பஸ் ஏறி முத்தாண்டிக்குப்பம் போனேன். வீட்டில் ஒரு இரும்புப் பெட்டியைத் திறந்து காட்டினார். 'தானே' புயலில் ஓடு பறந்து, பெட்டிக்குள் தண்ணீர் நின்று, டிஸ்சார்ஜ் புத்தகம் வேக வைத்த அப்பளம் மாதிரி ஒட்டிப்போயிருந்தது. ஒரு பக்கமும் பிரியவில்லை. பென்ஷன் ஆர்டரில் பாதி மை இல்லை. "நம்பராவது தெரியுமா அக்கா?" என்று நம்பிக்கையில்லாமல்தான் கேட்டேன்.

ஏழு இலக்கத்தையும் கடகடவென்று சொன்னார், இலக்கம் இலக்கமாக. நான் எழுதினேன். திருப்பிப் படித்தேன். தலையை ஆட்டினார். மறுபடி சொல்லச் சொன்னேன், அதே நம்பர்.

"எப்படிக்கா மனப்பாடம்?"

"வாரத்துக்கு ஒரு லெட்டரு போடுவேனே. பேருக்கு முன்னாடி நம்பரு எழுதலன்னா போய்ச் சேராதுன்னு சொல்லிட்டுப் போனாரு. பன்னண்டு பதிமூணு வருசம் எழுதினேன். மறந்துடுமா?"

குருப் சாப் அங்கே இருந்திருந்தால் அந்த அம்மாவை அப்படியே வேலைக்கு எடுத்திருப்பார்.

இப்போது என் மூக்கு உடைபட்ட இடத்துக்கு வருகிறேன். அன்றைக்கே அவருடைய ரெஜிமென்ட்டின் ரெக்கார்டு ஆபீஸுக்குக் கடிதம் தட்டினேன். ராணுவ பாஷையில் பிரமாதமாக எழுதினேன் என்று எனக்கே ஒரு மிதப்பு. 'மேற்படியாரின் சேவை ஆவணங்கள் அனைத்தின் நகலையும் அனுப்பி உதவவும்.' நாலு மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: சேவை ஆவணங்கள் பாதுகாப்புக் காலம் முடிந்து அழிக்கப்பட்டுவிட்டன.

"முடிஞ்சிதுண்ணே. எரிச்சிட்டானுங்க" என்றான் செல்வம்.

நான் கடிதத்தை மறுபடி படித்தேன். அவர்கள் சொன்னது சரி. நான் கேட்டதுதான் தப்பு. சேவை ஆவணம் என்றால் எரிகிற காகிதம். எரியாத ஒன்று இருக்கிறது, அதன் பேரைச் சொல்லிக் கேட்டால்தான் தேடுவார்கள். இருபது வருஷம் அந்தத் தோல் அட்டையைத் தூக்கித் தூக்கித் தோள் கன்னிப்போனவன், கேட்கிற நேரத்தில் 'அனைத்தும்' என்று பெரிய மனுஷத்தனமாக எழுதிவிட்டேன். எனக்கு அந்த 'டிக்' சத்தம் காதில் கேட்டது. செல்வத்திடம், "எரிஞ்சது பேப்பரு இல்லடா, என் மானம்" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

இரண்டாவது கடிதத்தில் அலங்காரம் எதுவும் இல்லை. நம்பர், பதவி, பேர். 'லாங் ரோலில் இவருடைய வரிசையின் பகுதி நகல் மட்டும் தேவை. ரிசர்வுக்கு மாற்றப்பட்டது, திரும்ப அழைக்கப்பட்டது, இறுதியில் விடுவிக்கப்பட்ட காரணம் ஆகிய பதிவுகள் தெரிய வேண்டும்.' கீழே என் பேர், என் பழைய நம்பர், 'முன்னாள் ஹவில்தார் கிளார்க், ரெக்கார்ட்ஸ்'. அந்தக் கடைசி வார்த்தையை வேண்டுமென்றேதான் போட்டேன். அங்கே உட்கார்ந்திருக்கிறவன் எந்த ரெஜிமென்ட் ஆனால் என்ன, குமாஸ்தாவின் மனசு குமாஸ்தாவுக்குத் தெரியும்.

அது போய் வரும்வரை அக்கா வாரம் ஒரு முறை வந்து வாசலில் நிற்பார். பாங்கில் பழைய பென்ஷனை இன்னும் நிறுத்தவில்லை, ஆனால் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்று பயம். அதைவிடப் பெரிய பயம் வேறு. "அவுரு இருந்திருந்தா என்னைக் கேப்பாரு சார். இத்தினி வருசம் வெயில்லயும் பனியிலயும் நின்னத, நீ ஒரு வார்த்தையில இல்லேன்னுட்டியேன்னு கேப்பாரு" என்று சொல்லி அழுதார். நாலு மாதம் என்னாலும் போயிற்று என்பதை அன்றைக்குச் சொல்லிவிட்டேன். "நீங்களுமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார்.

ஏழாவது வாரம் தடித்த காகித உறை ஒன்று வந்தது. பிரிக்கும் முன்னால் நான் எழுந்து போய்க் கை கழுவினேன். செல்வம் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தான். உள்ளே ஒரே தாள். யாரோ ஒரு குமாஸ்தா பல வருஷத்துக்கு முன்னால் எழுதின வரிசையின் நகல், என்ன அழகான கையெழுத்து! ரிசர்வுக்கு மாற்றம், தேதி. திரும்ப அழைப்பு, தேதி. கலர் சர்வீஸில் தொடர அனுமதி, தேதி. நாயக் ஆனது. மனைவி பேர் அஞ்சலாட்சி, ஊர் முத்தாண்டிக்குப்பம். ஓய்வூதியத்துடன் விடுவிப்பு. மொத்தக் கலர் சர்வீஸ், பத்தொன்பது வருஷத்துக்கு மேல். ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் சரிபார்த்தவரின் சுருக்கொப்பம். செல்வத்தை உட்கார வைத்து உரக்கப் படித்துக் காட்டினேன். படிக்கப் படிக்க என் குரல் உயர்ந்துகொண்டே போனது. ஐயா, நான் பார்த்த வேலை இதுதான். இதே மாதிரி என் கையெழுத்தும் எத்தனையோ வரிசையில் அந்த மலை மேல் இருக்கிறது. துப்பாக்கி பிடித்தவனுக்கு எவ்வளவு கர்வம் உண்டோ அவ்வளவு எனக்கும் உண்டு.

பாங்கில் ஓய்வூதியம் பார்க்கிற அதிகாரி ஒரு பெண், திருநெல்வேலிப் பக்கம். தாளை இரண்டு தடவை படித்தார். "இவ்வளவு தெளிவா இருக்கே சார், முதல்லயே கொண்டு வந்திருக்கலாமே" என்றார். வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டேன். அவர் நல்லவர், அடுத்த மாதமே அட்டவணைப்படி புதுப் பென்ஷன் ஏறியது, நிலுவையும் வந்தது. பின்னால் ஓய்வு பெற்ற ஒரு நாயக்கின் மனைவி எவ்வளவு வாங்குவாளோ, அதே தொகை அஞ்சலாட்சி அக்காவுக்கும்.

வேலை முடிந்தது என்று நான் கட்டைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டேன். மறு வாரம் அக்கா வந்து நின்றார். இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சார், நான் கையெழுத்து போட்ட அந்தப் பாரம் இன்னும் பாங்குலதான கீது?"

"ஃபைல்ல இருக்கும்கா. இனிமே அதுக்கு மதிப்பில்ல. விடுங்க."

"எப்பிடிங்க வுடறது? நாளைக்கு நான் செத்துப்போனப்புறம் யாராச்சும் அதைத் தொறந்தா, பொண்டாட்டியே எழுதிக் குடுத்திருக்கான்னுதான படிப்பாங்க? எங்கையால போட்டது. எங்கையாலதான் இல்லேன்னும் போடணும்."

செல்வம் வாயைத் திறந்தான், நான் அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். அக்காவோடு பாங்குக்குப் போனேன். அதிகாரி, "பணம்தான் வந்துடுச்சேம்மா, இன்னும் என்ன வேணும்?" என்று பரிவாகத்தான் கேட்டார்.

"ஒண்ணும் வாணாங்க. நான் குடுக்கறத வாங்கி, அந்தப் பாரத்து மேல வெச்சிக் குத்திடுங்க. அது போதும்."

அங்கேயே கவுண்டர் பலகையில் வெள்ளைத் தாளை வைத்து எழுதினேன். 'நான் முன்பு கையெழுத்திட்டுக் கொடுத்த படிவத்தில் என் கணவர் ரிசர்விஸ்ட் என்று உள்ளது. அது உண்மையல்ல. அந்த வார்த்தையின் பொருள் தெரியாமல் நான் சொன்னது. என் கணவர் நாயக் கலியபெருமாள் பத்தொன்பது வருஷத்துக்கு மேல் கலர் சர்வீஸ் செய்தவர்.' அடுத்த வரியில் பழக்க தோஷத்தில் 'ஆகவே தாங்கள்' என்று ஆரம்பிக்கப் போய் நிறுத்தினேன். கேட்பதற்கு ஒன்றுமே இல்லை. வாழ்நாளெல்லாம் மனு எழுதினவன், ஒன்றும் கேட்காத ஒரு மனுவை அன்றைக்குத்தான் எழுதினேன். இப்படிக்கு என்று போட்டுப் பேனாவை நீட்டினேன். அஞ்சலாட்சி அக்கா தாளை வாங்கி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, கவுண்டரில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முழுவதும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.